என் வலது முட்டியின் மேல்முறையீடு

எங்கள் ஊரில் என்னைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. ஒன்று, நான் நாட்டைக் காத்தவன். இன்னொன்று, நான் சுத்தச் சோம்பேறி. முதலாவது சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிடும்போது மட்டும் தலைகாட்டும். மற்ற நாட்களில் இரண்டாவதுதான் புழக்கத்தில் இருக்கும்.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தக்காளித் தோட்டம் இருக்கிறது. தக்காளி குனிந்து செய்கிற வெள்ளாமை. நாற்று நடக் குனிய வேண்டும், களை எடுக்கக் குனிய வேண்டும், பழம் பறிக்கும்போது குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடியே சாலோடு நகர வேண்டும். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபிறகு இதில் ஒன்றையும் நான் செய்ததில்லை. வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, என் மனைவி பறித்துவந்து கொட்டுகிற பழங்களைப் பெரிசு சிறிசு பார்த்துக் கிரேட் பெட்டியில் அடுக்குவேன். அதற்கு மேற்பார்வை என்று பெயர் வைத்திருந்தேன். பக்கத்து நிலத்துக்காரர் எனக்கு மாமா முறை. வரப்பில் போகும்போதெல்லாம் என்னைப் பார்த்து நிற்பார்.

"என்ன மாப்ள, பார்டர்ல காவலா?"

"ஆமாங்க மாமா. நீங்க ஊடுருவாம பாத்துக்கறேன்."

இரண்டு பேரும் சிரிப்போம். சாலுக்கு நடுவே இருந்து என் மனைவி மட்டும் சிரிக்கமாட்டாள். "வாய் மட்டும் நல்லா குனிஞ்சு நிமிருது" என்பாள்.

விஷயம் இதுதான். என் வலது முட்டி பாதிக்கு மேல் மடங்காது. மடக்கினால் உள்ளே ஏதோ சிக்கிக்கொண்டு அரைக்கும். உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க எதையாவது பிடிக்க வேண்டும். இதை ஊரில் ஒருவரிடமும் சொன்னதில்லை, மனைவியிடமும் சொன்னதில்லை. சோம்பேறி என்று பேர் வாங்கினால், நினைத்தால் வேலை செய்வான் என்றாவது ஒரு மரியாதை மிஞ்சும். நொண்டி என்றால் அதுவும் போய்விடும் என்பது என் கணக்கு. வலி தைலத்தை மோட்டார் ரூமில் ஒளித்துவைத்து, தண்ணீர் எடுத்துவிடும் சாக்கில் போய்த் தேய்த்துக்கொள்வேன். எங்கள் வீட்டில் மோட்டாருக்கு ஆயில் போடுகிற வேலையை மட்டும் நான் தட்டாமல் செய்கிறேன் என்று என் மனைவிக்குக் கொஞ்சம் ஆச்சரியம் இருந்தது.

முட்டி போன கதையும் பெருமையாகச் சொல்லும்படி இல்லை. குண்டு பாயவில்லை. பனிமலை உச்சியில் இருந்த எங்கள் காவல் சாவடிக்கு மண்ணெண்ணெய் சுமந்துபோகிற முறை அன்று என்னுடையது. அங்கே மண்ணெண்ணெய் இல்லாவிட்டால் தண்ணீர்கூடக் கிடையாது, பனியை உருக்கித்தான் குடிக்க வேண்டும். முதுகில் கேனோடு ஏறினேன், பனியில் சறுக்கினேன், கேன் ஒரு பாறையில் மோதியது, நான் இன்னொரு பாறையில் மோதினேன். ஸ்ட்ரெச்சரில் கட்டி இறக்கினார்கள். கூட இருந்தவர்கள் முதலில் கேன் உடைந்ததா என்றுதான் பார்த்தார்கள், நானும் அதைத்தான் கேட்டேன். கேனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்தபடி வீட்டுக்குப் போன் போட்டு, "நல்லா இருக்கேன், இங்க நல்ல குளிரு" என்று மட்டும் சொன்னேன்.

ராணுவத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும், மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெரிய அதிகாரி ஜவான்களை மொத்தமாக உட்காரவைத்துப் பேசுகிற சபை ஒன்று உண்டு. கடைசியில் அவர், "கோயி தக்லீஃப்?" என்று கேட்பார். ஏதாவது கஷ்டம் உண்டா என்று அர்த்தம். எல்லோரும் ஒரே குரலில், "நஹீ சாப்!" என்று கத்த வேண்டும். இல்லை ஐயா என்று அர்த்தம். கொதிக்கிற காய்ச்சலோடு உட்கார்ந்திருப்பவனும் கத்துவான், வீட்டில் சாவு விழுந்து லீவு கிடைக்காமல் உட்கார்ந்திருப்பவனும் கத்துவான். அந்தக் கேள்வி ஒரு பதிலை எதிர்பார்க்கிற கேள்வியே இல்லை. வருஷக்கணக்காகக் கத்திக் கத்தி அது எனக்கு மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது.

ஓய்வு பெறும்போது டாக்டர்கள் குழு ஒன்று உடம்பைச் சோதித்து அனுப்பும். மெடிக்கல் போர்டு என்போம். அங்கேயும் ஒரு டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார், நானும் வழக்கம்போலக் கத்தினேன். முட்டி எப்படிப் போனது என்றதற்கு, "சும்மா விழுந்துட்டேன் சாப்" என்றேன். வயதால் வந்த தேய்மானம், ராணுவப் பணிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள். சல்யூட் அடித்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் முட்டியை நானே கைகழுவிவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

உறைக்கவைத்தவர் ஒரு ஓய்வுபெற்ற சுபேதார். அதியமான்கோட்டைக்காரர். தர்மபுரியில் ராணுவ கேண்டீன் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். நான் உடம்பின் பாரத்தை இடது காலில் போட்டுக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த விலைப் பட்டியலை ரசிப்பதுபோல நின்றிருந்தேன்.

"தம்பி, வலது முட்டிதானே?" என்றார்.

"இல்லீங்க சாப், நல்லா இருக்கேன்."

"எந்த முட்டின்னு கேட்டா நல்லா இருக்கேங்கிற. அப்ப நெசமாவே முட்டிதான்."

கேண்டீனுக்கு எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து எல்லாவற்றையும் கறந்துவிட்டார். அவர் முன்னாள் சிப்பாய்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதையே வேலையாக வைத்திருப்பவர். என் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பட்டாளத்துல சேரும்போது காலு நல்லா இருந்துச்சா?"

"ஓட்டத்துல முதல் ஆளுங்க சாப்."

"நல்ல காலை உள்ள வாங்கிக்கிட்டு கெட்ட காலை வெளிய அனுப்பியிருக்காங்க. நடுவுல அந்தக் காலு எங்க போச்சு, உங்க மாமியா வூட்டுக்கா? ஆஸ்பத்திரியில படுத்ததுக்குப் பதிவு இருக்குது. அப்பீல் போடு. பணத்த வுடு தம்பி, தொடர்பில்லைன்னு எழுதினானே, அந்த ஒரு வரிய அழிக்கணும். அதுக்குப் போடு."

பணத்தை விடுகிற அளவுக்கு நான் பெரிய மனிதன் இல்லை. ஊனமுற்றோர் பென்ஷன் வந்தால் பறிப்புக்கு ஆள் வைக்கலாம், என் மனைவி சாலில் குத்துக்காலிட்டு நகர வேண்டியதில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் அந்த வரி என்னை உறுத்த ஆரம்பித்தது. அன்று சறுக்கியது என்னவோ எங்கள் ஊர் வாய்க்கால் வரப்பில் என்பதுபோல எழுதியிருந்தார்களே. சுபேதார் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். முதல் அப்பீல் தள்ளுபடி ஆனது. பழைய வரியையே வேறு தாளில் அச்சடித்து சுபேதார் விலாசத்துக்கு அனுப்பியிருந்தார்கள். சுபேதாருக்கு அதில் உற்சாகம் கூடிவிட்டது. அதற்கும் மேலே ஓர் அப்பீல் போட்டார். நான் தக்காளி அடுக்கிக்கொண்டே காத்திருந்தேன். விலை ஏறியது, விழுந்தது, ஒரு முறை பறிக்காமல் ஆடு மாட்டுக்கு விட்டோம். கடைசியில், பெங்களூரில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு மெடிக்கல் போர்டு என்னைப் பார்க்கும், வா என்று என் வீட்டு விலாசத்துக்கே உத்தரவு வந்தது.

அந்த உத்தரவு வந்த அன்றுதான் என் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. அவளுக்குத் தெரியும் முன்பே மாமாவுக்குத் தெரிந்திருந்தது. தபால்காரர் அவருக்குச் சிநேகிதம்.

"ஏங்க, உங்க முட்டி கெட்டுப்போச்சுன்னு சர்க்காருக்கு எழுதிப் போட்டிருக்கீங்களாமே? மாமா சொல்றாரு, மிலிட்டரிக்காரங்க எல்லாரும் இப்படித்தான் முட்டி வலி, காது கேக்கலன்னு எழுதி வாங்குவாங்களாம். அப்படியா?"

இதுதான் இடம். நிஜத்தைச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு மனிதனுக்குக் கிடைக்காது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஆமா, எல்லாரும் வாங்கறாங்க. நாமும் போட்டுப் பாக்கலாம்னுதான்."

நொண்டியாக இருப்பதைவிடச் சோம்பேறியாக இருப்பது மேல் என்று நினைத்தவன், அதைவிடப் பொய்யனாக இருப்பது இன்னும் மேல் என்று முடிவு செய்தேன். என் மூளை அப்படித்தான் வேலை செய்கிறது.

அவள் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. பொய் சொல்லி வாங்குகிற காசு வீட்டில் தங்குமா என்று கேட்டாள். காலையில் அவளே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். "அத்தன வருசம் பொண்டாட்டி புள்ளைய வுட்டுட்டு அங்க கெடந்தீங்க. அதுக்குக் குடுக்கறாங்கன்னு நெனச்சுக்கறேன். சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன்." சொன்னவள் அதோடு விடவில்லை. எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் அவளுக்கு. "ஆனா நீங்க இப்படி வெறப்பா நடந்து போனா ஒருத்தனும் நம்பமாட்டான். எங்க, நொண்டிக் காட்டுங்க பாப்போம்" என்றாள்.

வீட்டுக்கு முன்னால் இருந்த களத்தில் நடந்தேன். எத்தனையோ வருடங்களாகப் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்த கால். அன்று அதன் இஷ்டத்துக்கு விட்டேன். அதற்கு எப்படி நடக்க வேண்டுமோ அப்படி நடந்தது. எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்லி முடியாது. களத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, இன்னொரு சுற்றும் சுற்றினேன்.

அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். "அச்சு அசலா நொண்டியாட்டமே இருக்குதுங்க! நீங்க தெருக்கூத்துல சேந்திருக்கலாம்."

"அப்படியா?"

"ஆனா ரொம்ப ஓவரா பண்றீங்க. கொஞ்சம் கொறைச்சுக்குங்க. டாக்டருக்குச் சந்தேகம் வந்துரும்."

என் சொந்த நொண்டலை எனக்குக் குறைத்துக் காட்ட வேண்டியிருந்தது. அந்த வாரம் முழுக்கப் பழக்கம் நடந்தது. எனக்கு அது பிடித்துப்போய், அவள் கூப்பிடாமலே களத்துக்குப் போய் நொண்டினேன். மாமா வரப்பிலிருந்து பார்த்துவிட்டு, "மாப்ளைக்கு என்னாச்சு?" என்றார். "ஒண்ணும் இல்லீங்க, பெங்களூருக்குப் பிராக்டீஸ்" என்றாள் என் மனைவி. மாமாவுக்கு என்மேல் புதிதாக ஒரு மரியாதை வந்ததைக் கவனித்தேன்.

மாரண்டஹள்ளியில் முதல் பஸ் பிடித்து ஒசூர், அங்கிருந்து பெங்களூர். தனியாகப் போனால் நான் சொதப்பிவிடுவேன் என்று அவளும் வந்தாள். பஸ் முழுக்கக் காதோரம் பாடம் நடத்தினாள். உள்ளே நுழையும்போதே நொண்ட வேண்டும். கேட்டதும் வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். முகத்தைக் கொஞ்சம் சுளிக்க வேண்டும். "மறந்துறாதீங்க, நீங்க நோயாளி" என்றாள். ஆஸ்பத்திரியில் கூட வந்தவர்களை உள்ளே விடவில்லை. வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, போங்க என்று கண்ணாலேயே சொன்னாள்.

நான் செய்த முதல் தப்பு உடுப்பில் இருந்தது. நோயாளி போகிற மாதிரியா போனேன்? கோட்டு, மார்பில் மெடல்கள், முகம் தெரிகிற அளவுக்குப் பாலீஷ் போட்ட ஷூ. கதவைத் திறந்தேன். மேஜைக்குப் பின்னால் ராணுவச் சீருடையில் ஒரு பெண் அதிகாரி, தோளில் கர்னல் பட்டை. அவ்வளவுதான். நொண்டல் எங்கே போனதோ தெரியவில்லை. விறைப்பாக மூன்று எட்டு வைத்து, காலைத் தரையில் அறைந்து நின்று சல்யூட் அடித்தேன். அறைந்தது வலது கால். கண்ணில் பூச்சி பறந்தது.

அந்த டாக்டரம்மா தாளிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "கோயி தக்லீஃப்?"

"நஹீ சாப்!"

அந்த அறை அதிர்ந்தது. பக்கத்து மேஜையில் இருந்த குமாஸ்தா பேனாவைக் கீழே போட்டுவிட்டார். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். பெயர்ப் பட்டையைப் பார்த்து நான் மலையாளி என்று நினைத்தேன், அவரோ நல்ல தமிழில் பேசினார்.

"கஷ்டம் எதுவும் இல்லையா? அப்புறம் எதுக்கு இவ்வளவு வருஷமா அப்பீல் போட்டுட்டு இருக்கீங்க?"

நியாயமான கேள்வி. விறைப்பாக நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மரத்தடியில் ஒருத்தி, நான் இப்போது முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பேன் என்று நம்பி உட்கார்ந்திருந்தாள்.

"சரி, கீழே குத்துக்காலிட்டு உட்காருங்க" என்றார்.

முடியாது மேடம் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் கர்னல் சொன்னால் அது உத்தரவு. படீரென்று உட்கார்ந்தேன். முட்டிக்குள் ஏதோ நொறுங்குவதுபோலச் சத்தம் கேட்டது, எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன்.

"எழுந்திருங்க."

"எழுந்திருக்கறேன் மேடம்."

எழவில்லை. இடது காலை ஊன்றிப் பார்த்தேன், கையை ஊன்றிப் பார்த்தேன். மெடல்கள்தான் கலகலவென்று சத்தம் போட்டன. "ஒரு நிமிஷம் மேடம்" என்றேன். மறுபடியும் முயன்று அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லைக்குக் காவல் இருந்தவன், சிமெண்டுத் தரையில் கைக்குழந்தை மாதிரி காலை நீட்டிக்கொண்டு கிடந்தேன்.

டாக்டரம்மா மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். என்னைத் தூக்கிவிடுவார் என்று நினைத்தேன். அவரும் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். சீருடையோடு, வெறும் தரையில். இப்படி ஓர் அதிகாரியை நான் பார்த்ததே இல்லை.

"இப்ப சொல்லுங்க. எப்பவெல்லாம் வலிக்கும்?"

"எப்பவுமே வலிக்குது மேடம்" என்றேன். அதைச் சொன்னதும் அழுதுவிட்டேன். மூக்கு ஒழுக, கோட்டு கையில் துடைத்துக்கொண்டு அழுதேன். மண்ணெண்ணெய் கேன், பாறை, மோட்டார் ரூம், தைலம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். வெட்கமாகவும் இருந்தது, இத்தனை நாள் சுமந்ததை இறக்கிவைத்த மாதிரியும் இருந்தது. அப்புறம் எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார்கள்.

வெளியே வந்ததும் மனைவி ஓடிவந்தாள். "நல்லா நொண்டுனீங்களா?"

"நொண்டுனேன்."

"வலிக்குதுன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"கண்ணெல்லாம் செவந்திருக்கு. அழுதீங்களா? அய்யோ, நான் அத சொல்லித்தரவே இல்லியே!" அவளுக்கு என்மேல் ஒரே பெருமை. திரும்பும்போது ஒசூர் பஸ் ஸ்டாண்டில் எனக்கு மசால் வடை வாங்கிக் கொடுத்தாள்.

முடிவு வருவதற்குள் அடுத்த தக்காளி நடவுப் பட்டமும் வந்துவிட்டது. சுபேதார் போனில் கத்தினார். பஸ் பிடித்து அதியமான்கோட்டைக்குப் போய்த் தாளை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகத் தோட்டத்துக்கு வந்தேன். அவள் தக்காளிச் செடிகளைக் குச்சியோடு சேர்த்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். வேப்பமரத்தடி ஸ்டூலில் உட்கார்ந்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் மாற்றி, செய்தி வாசிக்கிறவர் மாதிரி சத்தமாகப் படித்தேன்.

"அப்பீல் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. இவருடைய ஊனம் ராணுவப் பணியால் ஏற்பட்டது."

"குடுத்துட்டாங்களா!" என்று கயிற்றைப் போட்டுவிட்டு வந்தாள். "இனி பறிப்புக்கு ஆள் வச்சுக்கலாங்களா?"

"வச்சுக்கலாம்."

நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஜெயித்த மிதப்பில் அடுத்த பக்கத்தையும் படித்தேன். "தரையில் உட்கார்ந்தால் துணையில்லாமல் இவரால் எழ முடியவில்லை. எக்ஸ்ரேயில் முட்டியின் குருத்தெலும்பு முழுவதும் தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசுவது தெரிகிறது. விழுந்த நாளிலிருந்து இவருக்கு இடைவிடாத வலி இருந்துவந்திருக்கிறது..."

"இருங்க" என்றாள்.

நிறுத்தினேன். அவள் யோசித்துக்கொண்டு நின்றாள்.

"எக்ஸ்ரேவுல எப்படிங்க நடிச்சீங்க?"

நான் தாளை மடித்தேன். மறுபடி பிரித்தேன். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்த்தேன்.

"நெசமாவேவா?" என்றாள். "அன்னிக்கு களத்துல நடந்தீங்களே, அது?"

தலையை ஆட்டினேன்.

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவள் அழுதாள். "எத்தன பேச்சு பேசியிருக்கேன் உங்கள. களத்துல நீங்க நொண்டறதப் பாத்துச் சிரிச்சிருக்கேன். நொண்டுனா ஓவரா இருக்குதுன்னு வேற சொன்னேன். சுபேதாருகிட்ட சொன்னீங்க, முன்னப்பின்ன தெரியாத டாக்டரம்மாகிட்ட சொன்னீங்க. எங்கிட்ட சொல்ல மட்டும் வாய் வரலியா?"

சர்க்கார் கேட்ட கேள்விக்கெல்லாம் சுபேதார் பதில் எழுதித் தந்திருந்தார். இதற்கு அவரால் மனு எழுத முடியாது. வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையில் இருந்த தாளில் என் பக்கம் ஜெயித்திருந்தது. அது எனக்கு அப்போது எந்த உதவிக்கும் வரவில்லை.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். என் வேட்டியை முட்டிக்கு மேலே விலக்கினாள். கை முழுக்கத் தக்காளிச் செடியின் பச்சைக் கறை. கட்டை விரலால் முட்டியின் மேலே மெதுவாக அழுத்தினாள்.

"இங்கியா?"

"இல்ல" என்றேன். "இன்னும் கொஞ்சம் உள்பக்கம்."